அண்ணன் கண்ணுக்கு என் கையெழுத்து

என் அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கோத்தகிரிப் பக்கம் அரவேணு பஜாரில் என் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் எங்களோடு இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே எதையும் மெதுவாகப் புரிந்துகொள்பவர். "உங்கண்ணன் மூளை ஃபர்ஸ்ட் கியர்ல போற ஜீப்பு. மெதுவாத்தான் போகும், ஆனா எந்த மேட்டுலயும் நிக்காது" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ஜீப் ஓட்டுகிறவர், கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். அண்ணனைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அரசாங்கம் வேறு மாதிரிச் சொன்னது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கப் போனபோது ஒரு அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள், கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள், படம் காட்டினார்கள். பிறகு வந்த அட்டையில் அறிவுத்திறன் குறைபாடு, ஐம்பது சதவீதம் என்று அச்சடித்திருந்தது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதியா பாப்பா?"

"ஆமாண்ணே, பாதின்னு போட்டிருக்கு."

"எந்தப் பாதி?"

அட்டை கொடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அட்டை பல வருஷம் பீரோவில் கிடந்தது. அண்ணன் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சிறு விவசாயிகள் பறித்து வரும் தேயிலைக் கொழுந்தை எடை போட்டு லாரியில் ஏற்றி ஃபேக்டரிக்கு அனுப்பும் செட் ஒன்று எங்கள் கடைக்குக் கீழே இருக்கிறது. அங்கே சாக்குக் கட்டுவதும் ஏற்றுவதும் அவர் வேலை. வீட்டிலிருந்து தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தப் பாதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. காட்டெருமைகளும் அதில்தான் நடக்கும்.

ஒருநாள் காலையில் நல்ல பனிமூட்டம். முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் ஒரு காட்டெருமைக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ கொழுந்துக் கட்டோடு நிற்பதாக நினைத்திருக்கிறார். அதுவும் என்ன நினைத்ததோ, மூச்சை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. பெண்கள் அலறிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். "உங்கண்ணன் மரியாதைக்குத்தான் அது விட்டுட்டுப் போச்சு, அக்கா" என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் அவருக்குக் கண் போய்க்கொண்டிருப்பது எங்களுக்கு உறைத்தது. கேட்டால், "மிஸ்ட்டு இந்த வருசம் போகவே மாட்டேங்குது பாப்பா" என்கிறார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே பஜார் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். கீழே சமவெளியில் இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சோதிப்பார்கள். புரை முற்றியவர்களை அன்றே வேனில் ஏற்றிக் கீழே கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, சில நாள் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். டாக்டர் இளவயதுப் பெண், நல்ல மாதிரி. அண்ணன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் இருக்கு. வலது கண்ணுதான் அவசரம். இன்னைக்கே அனுப்பிடலாம்" என்றார்.

மாற்றுத் துணி எடுத்து வர வீட்டுக்குக் கிளம்பினேன். அதற்குள் பேர் பதிகிற மேசையில் இருந்தவர், "ஏதாவது அட்டை இருந்தாக் கொண்டாங்க" என்றார். நானும் புத்திசாலித்தனமாக, இருக்கிற எல்லா அட்டையையும் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் அந்தப் பாதி அட்டையும் இருந்தது.

"இவருக்கு யாருங்க கையெழுத்துப் போடறது?"

"அவரே போடுவாருங்க. பேர் எழுதத் தெரியும்."

"இல்லீங்க. கார்டுல இப்படி இருக்கே. இவரு சம்மதம் செல்லாது. கார்டியன் யாரு?"

"நான் கூடப்பொறந்த தங்கச்சிங்க."

"தங்கச்சின்னாப் பத்தாதுங்க. மைனருக்குன்னா அப்பா அம்மா போடலாம். இவரு மேஜர். அதுக்குன்னு கமிட்டி இருக்கு, ஊட்டில மனு குடுத்து கார்டியன் பேப்பர் வாங்கிட்டு வாங்க."

"இந்த கார்டை நான் காட்டாம இருந்திருந்தா?"

அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர் போல. "காட்டாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார்.

இதை நான் எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது? அன்றைக்கு வேனில் ஏறியவர்களில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் சொட்டு மருந்து என்று நினைப்பு. இன்னொருவர் கீழே போனதும் அப்படியே மருமகளைப் பார்த்துவிட்டு வரலாமா என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லோரும் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள், அது சம்மதம். என் அண்ணன் பேரெழுதி, "கத்தி வெப்பாங்களா? வலிக்குமா? எத்தனை நாள்ல செட்டுக்குப் போலாம்?" என்று கேட்டார், அது சம்மதம் இல்லை. வேன் போய்விட்டது.

பிறகு ஊட்டி. கோத்தகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஊட்டிக்கு ஒரு பஸ், போய்ச் சேர்ந்தால் அதிகாரி ஐயா மீட்டிங்கில். அடுத்த தடவை போனால் டாக்டர் சான்றிதழ் பழசு. அதற்கடுத்த தடவை, ரேஷன் கார்டில் அண்ணன் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கிறது. எங்கள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்தக் காலத்தில் யார் எதை எப்படி எழுதினார்களோ, அப்படித்தான் எங்கள் பெயர். அங்கே ஒரு கிளார்க் இருந்தார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "ஏனுங்க அம்மணி, பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்று விசாரித்து, அதற்குப் பிறகுதான் இல்லை என்பார்.

"எல்லாம் சரிங்க அம்மணி. அவரு சம்மதம் மட்டும் வேணுமுங்க."

"எதுக்குங்க?"

"நீங்க அவருக்கு கார்டியனா வர்றதுக்குங்க."

"சம்மதம் குடுக்கத் தெரியாத ஆளுன்னுதானுங்க கார்டியனே கேக்கறாங்க?"

"அது ஆஸ்பத்திரிக்குங்க. இது ஆபீசுக்குங்க."

கோபப்படக்கூட விடாத மனிதரிடம் என்ன பேசுவது? அண்ணனை அழைத்துப்போனேன். ஒரு பெரிய மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரிகள் சிலர், இந்தப்பக்கம் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு, தலையில் எண்ணெய் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்க தங்கச்சி உங்களுக்குப் பாதுகாவலரா இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார், திருத்தினால் கோபப்படுவாரோ என்று தயங்குகிற முகம்.

"ஐயா, இது என் தங்கச்சிங்க. நான் அண்ணன்."

"தெரியும்பா. அவங்க உன்னைப் பாத்துக்கறதுக்குச் சம்மதமான்னு கேக்கறேன்."

"நாந்தாங்க அவளப் பாத்துக்கறேன்."

ஒருவர் சிரித்தார். மேசையின் நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்து இரக்கமாக, "அவருக்குப் புரியலை, இல்லையா?" என்றார். எனக்கு வாயெல்லாம் வார்த்தை. கடை ஷட்டரை ஏற்றி இறக்குவது யார், கேஸ் சிலிண்டரைத் தூக்குவது யார், என் வீட்டுக்காரர் சவாரி போன நாளில் என்னைத் தனியாக விடக்கூடாது என்று செட்டிலிருந்து சீக்கிரம் வருவது யார்? எங்கள் ஜனங்களில் எந்த அண்ணன் தன் தங்கையைத் தனக்குக் காவல் என்று ஒப்புக்கொள்வான்? அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சரி என்று நான் எடுத்துச் சொன்னால் பேப்பர் கிடைக்காது. புரியவில்லை என்று அவர்கள் எழுதினால்தான் கிடைக்கும். அண்ணனுக்குக் கண் வேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் அண்ணன், "அந்த ஐயாவுக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வெளங்குது" என்றார்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் ஒரு வக்கீலம்மா கடைக்கு வந்தாள். குன்னூர்க் கோர்ட்டில் தொழில் பண்ணுகிறவள், கறுப்புக் கோட்டின் தோளைப் பிடிக்கக் கொடுத்திருந்தாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே என் வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டினேன். எட்டாவதோடு நின்றவள் நான், ஆனால் கேட்காமல் விடமாட்டேன்.

"ஏம்மா, சம்மதம் குடுக்கத் தெரியும், தெரியாதுன்னு சட்டம் எதை வெச்சும்மா சொல்லுது?"

"எந்தச் சட்டம்க்கா?"

"எத்தனை இருக்கு?"

அவள் சிரித்தாள். "நல்ல சட்டம் ஒண்ணு இருக்குக்கா. மனநல வைத்தியத்துக்கானது. அதுல பாக்கறது இதுதான்: சொல்ற விஷயம் புரியுதா, செஞ்சா என்ன ஆகும், செய்யாட்டி என்ன ஆகும்னு தெரியுதா, தன் முடிவைப் பேச்சாலயோ சைகையாலயோ சொல்ல முடியுதா. அவங்களுக்குப் புரியற மாதிரி எளிமையாச் சொல்லணும்னும் இருக்கு. ஒருத்தர் எடுக்கற முடிவு மத்தவங்களுக்குத் தப்பாப் படுதுங்கறதுக்காகவே அவருக்கு முடிவெடுக்கத் தெரியலைன்னு சொல்லக்கூடாதுன்னும் இருக்கு."

நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். "இதை யாரும்மா எழுதினது? அவங்க கையில தங்க வளையல் போடலாம். எங்கண்ணனுக்கு இதெல்லாம் இருக்கே!"

"ஆனா அந்தச் சட்டம் உங்கண்ணனுக்குப் பொருந்தாதுக்கா."

"ஏன்?"

"அது மனநோய்க்கு. அறிவு வளர்ச்சி முழுசா இல்லாத நிலை இதுல சேராதுன்னு அதுலயே எழுதியிருக்கு. உங்கண்ணனுக்கு வேற சட்டம். யோசிக்கறது, கத்துக்கறது, அன்னாடக் காரியம் பாக்கறது, இதுல குறைவு இருந்தா அறிவுத்திறன் குறைபாடு. ஆனா அவங்களும் மத்தவங்க மாதிரியே சட்டத்துக்கு முன்னாடி சமம்னு அதுல இருக்கு. கார்டியன் போட்டாலும் ரெண்டு பேரும் கலந்து பேசி, ஒருத்தரை ஒருத்தர் நம்பி முடிவெடுக்கணும்னு இருக்கு. இன்னொரு பழைய சட்டத்துல கமிட்டி போட்டு கார்டியன் தர்றாங்க. அதுதான் நீங்க அலையறது. ஒப்பந்தத்துக்கு இதெல்லாத்தையும் விடப் பழைய சட்டம் ஒண்ணு. பெரும்பாலும் புத்தி தெளிவில்லாதவர்கூட, தெளிவா இருக்கற நேரத்துல ஒப்பந்தம் போடலாம் அதுல."

"அப்ப எங்கண்ணன் ஒரு எஸ்டேட்டையே விலை பேசலாம், தன் கண்ணைத் தான் காட்டிக்க முடியாதா?"

"சட்டம் அப்படிச் சொல்லலைக்கா. ஆஸ்பத்திரில பயப்படறாங்க. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா என்ன பண்றதுன்னு, கார்டைப் பாத்ததும் கார்டியன் கேக்கறாங்க." கோட்டை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "தோள் சரியா இருக்குக்கா" என்று போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு முழுக்கத் தையல் கோணல்.

கடைசியில் பேப்பர் வந்தது. வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஊட்டியிலிருந்து போன். மறுநாள்தான் பஜாரில் மறுபடி கண் முகாம். இதற்குமேல் யோகம் வேண்டுமா என்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கையெழுத்து, சீல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த கிளார்க்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாயங்காலம் வீடு வந்தால் அண்ணன் இல்லை.

"லயத்துக்குப் போயிட்டாரு. காப்புக் கட்டியாச்சாம்" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்களுக்கு மாரியம்மன் திருவிழா என்றால் முதலில் காப்பு. நாங்கள் பிறந்த எஸ்டேட் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கடைக்குக் கீழே ஒரு சரிவு தள்ளி இருக்கிறது. அங்கே கோயிலில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை லயத்து எல்லையைத் தாண்டி எங்கேயும் ராத் தங்கக்கூடாது. பகலில் வேலைக்கு, கடைக்குப் போகலாம். இரவு திரும்பிவிட வேண்டும். அண்ணன் வருஷா வருஷம் கட்டுவார். இந்த வருஷம் வேண்டாம், ஆபரேஷன் இருக்கிறது என்று நான் சொல்லித்தான் வைத்திருந்தேன். என் பிரயாணம் ஊட்டியில், அவர் காப்பு லயத்தில். அவருக்காகச் சம்மதம் சொல்லும் அதிகாரம் என் பையில் வந்த அதே நாளில், அவர் தன் முடிவைக் கையில் கட்டிக்கொண்டுவிட்டார்.

காலையில் முகாமுக்கு அவராகவே வந்தார். கூட லயத்து மாமாவும் வந்திருந்தார். மாமா எங்கள் அப்பாவோடு கப்பலில் வந்தவரின் மகன். அண்ணன் காப்புக் காலத்தில் அவர் வீட்டில்தான் தூங்குவார். அவருக்கும் ஒரு கண்ணில் புரை. வரிசையில் மாமாதான் முன்னால்.

"ஆபரேஷன் பண்ணணும் ஐயா. இன்னைக்கு வேன்ல வர்றீங்களா?" என்றார் டாக்டரம்மா.

மாமா கையைத் தூக்கி மஞ்சள் காப்பைக் காட்டினார். "கட்டியாச்சுங்கம்மா. ஆத்தாவுக்கு முடிச்சிட்டுத்தான் எல்ல தாண்டணும்."

"ஓ, திருவிழாவா? சரி சரி, முடிச்சிட்டு அடுத்த தடவை வாங்க. எங்களுக்கும் வேண்டிக்கங்க." சீட்டில் ஏதோ எழுதினார். அவ்வளவுதான்.

அடுத்து அண்ணன். நான் பேப்பரை நீட்டினேன். டாக்டரம்மா முகம் மலர்ந்தது. "அப்பாடா, வாங்கிட்டீங்களா. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம்."

அண்ணன் கையைத் தூக்கினார். "கட்டியாச்சுங்கம்மா. முடிச்சிட்டு வாரேன்."

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இவருக்கு நிலைமை புரியலை. பரவால்ல, நீங்கதானே கார்டியன், நீங்க சைன் பண்ணுங்க."

இப்போதுதான், இதே நாற்காலியில், இதே மஞ்சள் கயிறு. மாமா சொன்னபோது அது பக்தி. அண்ணன் சொன்னால் அது புத்திக் குறைவு. எனக்கு உச்சந்தலை சுட்டது.

"ஏனுங்க டாக்டர், மாமாவும் இதைத்தானுங்க சொன்னாரு? அவருகிட்ட யாரும் புரியுதான்னு கேக்கலியே?"

அவர் பேனாவை வைத்துவிட்டார். கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "நியாயந்தான்" என்றார். "ஆனா அவரு கண்ணு வேற, இவரு கண்ணு வேறம்மா. அவருக்குக் காத்திருக்கலாம். இவருக்குப் புரை ரொம்ப முத்திருச்சு. தள்ளிப்போட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி, திரும்ப வராத மாதிரி பார்வை போயிடலாம். அடுத்த முகாம் எப்பன்னும் தெரியாது, மழை வந்தா வேன் வராது."

"இதை அவருகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. நானும்தான். அண்ணனுக்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூடத்து கேட்டுவரை நின்றது. "நீங்களே பக்குவமாச் சொல்லிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணனை வெளியே கூட்டிவந்தேன். சில்வர் ஓக் மரத்தடியில் வேன் நின்றது. மாமாவும் கூடவே வந்து நின்றார்.

"அண்ணே, கேளு. ஒனக்கு உள்ள ரொம்ப முத்திருச்சாம். இனிமேலும் விட்டா பிரஷர் ஏறி, ஒரேடியா தெரியாமப் போயிரலாமாம். அப்பறம் ஆபரேஷன் பண்ணாலும் வராது."

"எப்பப் போகும்?"

"அது தெரியாது. போகலாம். போகாமயும் இருக்கலாம்."

"டாக்டரம்மாவுக்கும் தெரியாதா?"

"உறுதியாத் தெரியாது. ஆனா பயப்படறாங்க."

அவர் யோசித்தார். ஃபர்ஸ்ட் கியர். எனக்கோ பொறுக்கவில்லை, அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"அப்ப காப்ப அவுத்துட்டுப் போகச் சொல்றியா?"

"பூசாரிகிட்டக் கேக்கலாம்ண்ணே. ஆத்தா ஒண்ணும் சொல்லாது."

"நான் எதுக்குக் கட்டினேன் தெரியுமா? கண்ணுக்குத்தான் வேண்டிக் கட்டினேன். கண்ணுக்குக் கட்டின காப்ப, கண்ணுக்காக அவுக்கச் சொல்றே." தன் நெற்றிப் பொட்டில் விரலால் தட்டினார். "ஒனக்கு ஏதாச்சும் இருக்கா பாப்பா?"

மாமா சிரித்துவிட்டார். நான் அவரை முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டார்.

"சரி, கண்ணு போயிருச்சுன்னு வெச்சுக்க. அப்ப?"

இந்தத் தடவை அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "போயிட்டா நீ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ. அதுக்குத்தான பேப்பர் வாங்கினே?"

எனக்குத் துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. என்ன ஆகும் என்று நான் சொன்னதைக் கேட்டார், எப்போது என்று கேட்டார், யாருக்கும் உறுதியில்லை என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டார், முடிவைச் சொன்னார். அந்த வக்கீலம்மா சொன்ன அத்தனையும் நடந்துவிட்டது. முடிவுதான் தப்பு. என் கண்ணுக்குத் தப்பு. அப்படித் தப்பாகப் பட்டால்கூட அது அவர் முடிவுதான் என்று எழுதிய புண்ணியவான், ஏன் இந்தப் பள்ளிக்கூட வாசலில் வந்து என் இடத்தில் நின்று பார்க்கக்கூடாது?

பேர் பதிகிற மேசைக்காரர் வந்தார். "ஆச்சுங்களாக்கா? கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நாலு பேராப் புடிச்சு வேன்ல ஏத்திரலாமுங்க. கீழே போனா சரியாயிருவாரு."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கொழுந்துச் சாக்கைத்தான் நாலு பேர் பிடித்து ஏற்றுவார்கள், அது அவருக்குத் தெரிந்த வேலை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாமுங்க. அவரு திருவிழா முடிச்சிட்டு வருவாரு" என்றேன். வேன் அந்தத் தடவையும் போனது.

பிறகு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை என்னவென்று சொல்ல. வீட்டுக்காரர் முதல் ஆள். "பேப்பருக்கு அலைஞ்சதும் நீ. பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு அவரையே கேக்கறதும் நீ. அப்பறம் என்னத்துக்கு ஊட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தே?" பஜாரில் ஒருத்தி, "பாக்கறதுக்கு ஆள் இல்லாம அண்ணன் தவிக்கறாரு பாவம்" என்று என் காதுபடவே சொன்னாள். திருவிழா முடியும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் அவர் செட்டுக்கு வரும் பாதையில் நானும் போய் நின்றுகொள்வேன், காட்டெருமைக்காக. "தலை வலிக்குதாண்ணே? கண்ணு சிவந்திருக்கா? வாந்தி வருதா?" பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "நீ கேக்கறதுலதான் வலிக்குது" என்பார்.

மாவிளக்கு எடுத்தார்கள், தீச்சட்டி எடுத்தார்கள். மாமா பிடித்துக்கொள்ள அண்ணனும் நடந்தார். எனக்குச் சாமி கும்பிடவே வரவில்லை. ஆத்தா மேலும் கோபம், சட்டத்தின் மேலும் கோபம், அந்த மஞ்சள் சேலைக்கூட்டத்தில் சிரித்த முகமாக நடந்த மனிதரின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

காப்பு அவிழ்த்த மறுநாள் விடிந்ததும் அண்ணன் துணிப்பையோடு கடைவாசலில் நின்றார். "வேன் எங்க பாப்பா?"

வேன் எங்கே இருக்கும்? பஸ் பிடித்து மலையிறங்கினோம். ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம் நீட்டினார்கள். "கார்டியன் போடுங்க."

"ரெண்டு பேரும் போடறோமுங்க."

"ஒரு கட்டந்தாங்க இருக்கு."

"அதுக்குள்ளயே போடறோமுங்க."

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினார். கட்டம் போதவில்லை, கடைசி எழுத்து வெளியே போய் உட்கார்ந்தது. அதற்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில் நான் என் பெயரை நுணுக்கி எழுதினேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கட்டுப் பிரித்ததும் அவருக்குத் தெரிந்தது, முழுசாக இல்லை. ஓரத்தில் கொஞ்சம் மங்கல். நரம்பு கொஞ்சம் பாதித்திருக்கிறது என்றார் அதே டாக்டரம்மா.

"காத்திருந்ததாலங்களா?"

"இருக்கலாம். முன்னாடியே இருந்ததாவும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா."

இதுதான் எனக்குக் கிடைத்த தீர்ப்பு. சரி செய்தாய் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள், தப்பு செய்தாய் என்றும் சொல்ல மாட்டார்கள். முதல் முகாமிலேயே அவர் கையெழுத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. அதை மட்டும் நான் யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

மாமாவும் அடுத்த முகாமில் போய் வந்தார். அவர் பெருவிரல்தான் வைத்தார்.

இப்போது அண்ணனின் இடது கண்ணுக்கு முறை. போன வாரம் டாக்டரம்மா கடைக்கு போன் செய்தார். "மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்மா. தேதி போடட்டுமா? நீங்கதானே முடிவு சொல்லணும்?"

"அவரு இங்கதான் இருக்காருங்க. அவருகிட்டயே கேளுங்க" என்று சொல்லி, சாப்பாட்டுக்கு வந்திருந்த அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "டாக்டரம்மா, சாப்பிட்டீங்களா?... நாங்க இப்பத்தான். இப்ப வர முடியாதுங்களே, செட்டுல கொழுந்து குவியுது..." கொஞ்ச நேரம் அந்தப்பக்கம் பேசுவதைக் கேட்டார். "அப்படீங்களா. வராட்டி என்னா ஆகும்? மெதுவாச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா."

மறுபடியும் முதலிலிருந்தா என்று சலித்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன், மிஷினை மிதித்தேன்.

அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, மிஷின நிறுத்து. டாக்டரம்மா சொல்றது கேக்கல."

நிறுத்தினேன்.